ஒன்பதாவது அறை

முதலில் ஃபிரிட்ஜை அணைக்கிறாள் ஐரின். பிறகு மின்விசிறி, அயர்ன் பாக்ஸ். தையல் மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுகிறாள். கடைசியாக வாசலுக்கு வந்து மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்.

"ஜெயா, மோட்டார் போட்டுடாத. லோட் பண்ணப் போறேன்."

"போடல ஆன்ட்டி."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

போன வாரம் மாடியில் குடியிருக்கும் ஜெயலட்சுமி மறந்துபோய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டாள். கீழே விளக்கு ஒரு கணம் மங்கியது. நான்கு நிமிடமாகக் கேசட்டிலிருந்து ஏறிக்கொண்டிருந்த விளையாட்டு அந்த ஒரு கணத்தில் போயிற்று. ஐரின் திட்டவில்லை. படியேறிப் போய், "குளிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டாள். இந்த ஞாயிறு ஜெயலட்சுமி கீழே இறங்கி வந்து, ஐரின் கண்ணெதிரிலேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐரினுக்கு ஐம்பத்தேழு வயது. விவேக் நகரில், கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், முதன்முதலாகப் புது நன்மை வாங்கும் சிறுமிகளுக்கு வெள்ளை ஃபிராக்குகளும் கல்யாண கவுன்களும் தைக்கிறாள். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதி அவளிடம் அளவு கொடுத்துவிட்டுத்தான் போகும். வீட்டில் இரண்டு டிவி. ஒன்று சுவரில் தொங்குகிறது. மற்றது முதுகு பருத்த பழையது. அதற்கு இந்த வேலை மட்டும்தான். அதன் எதிரே, அதோடு ஒயரால் இணைத்த, நோட்டுப் புத்தகம் அளவில் ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர். அதன் விசைகள் அழிரப்பர் மாதிரி அமுங்கும். பக்கத்தில் டேப் ரெக்கார்டர்; கேசட்டில் சத்தமாகப் பதிந்திருக்கும் விளையாட்டு கம்ப்யூட்டருக்குள் ஏறுவது இதிலிருந்துதான். சத்தம் எங்கே நிற்க வேண்டும் என்று அதன் குமிழில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். டேப் படிக்கும் முனையின் திருகைத் தையல் மெஷின் ஸ்க்ரூடிரைவரால் அரை மயிரிழை திருப்புவாள், காதைக் கிட்டே வைத்துக்கொண்டு.

விளையாட்டை எழுதியவன் அவள் தம்பி லாயிட். எண்பத்தொன்பதில், துபாய்க்கு வேலைக்குப் போவதற்கு முன், பத்தொன்பது வயதில் எழுதினான். காலி கேசட் கிடைக்காமல், கோயில் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் ஒத்திகைக் கேசட்டின் பின்பக்கத்தில் பதிந்தான். ஃபிராக் போட்ட ஒரு பெண். ஒன்பது அறைகள். மூன்றாவது அறை அல்சூர் ஏரி; படகிலிருந்து படகுக்குத் தாவ வேண்டும். "கடைசி ரூம்ல உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன். ஜெயிச்சுட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். அப்போது அவள் ஏழாவது அறையைத் தாண்டவே இல்லை. அடுத்த மாதம் கம்ப்யூட்டர் புகைந்து நின்றது. யாரோ கேசட்டை ஒத்திகைக்கென்று கோயிலுக்கு எடுத்துப் போனார்கள்.

போன வருடம் பாடகர் குழுவின் பழைய பெட்டியைக் காலி செய்தார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டு வரும்போது ஒரு கேசட் கிறீச்சிட்டது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். "டேப் போச்சு, தூக்கிப் போடு" என்றார் ஆர்கன் வாசிக்கும் டென்சில். ஐரின் கண்ணை மூடி அரை நிமிடம் கேட்டாள்.

"இது லாயிட்" என்றாள்.

எஸ்.பி. ரோட்டில் பழைய மெஷின்களை ரிப்பேர் செய்யும் ஒருவர் கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்தார். ஆனால் கேசட்டுக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் பழுப்புப் பொடியாகக் கொஞ்சம் உதிர்கிறது. ஒன்பது ஞாயிறுகளில் இரண்டு முறைதான் முழுதாக ஏறியது. அதில் ஒரு முறை எட்டாவது அறைவரை போனாள், கரண்ட் போயிற்று. ஜெயலட்சுமி அந்தக் கிறீச்சொலியைப் போனில் பதிந்து பார்த்தாள். அந்தப் பிரதி ஏறவில்லை. இப்போது பெர்த் நகரில் இருக்கும் லாயிடைக் கேட்டால், "ஏதோ வச்சேன்க்கா, நெஜமா ஞாபகமில்ல" என்கிறான்.

ஜெயலட்சுமி சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவள். அங்கே ஒரு பக்கம் திறக்க மூன்று விநாடி ஆனால் மீட்டிங் போடுவார்கள். அவள் ஒரு வழி சொன்னாள்.

"ஏறினதும் புரோகிராமைத் திறந்து படிச்சுடலாம் ஆன்ட்டி. கடைசி ரூம்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சுடும்."

"ஜெயிச்சுட்டுப் பாருன்னான். படிச்சுட்டுப் பாருன்னு சொல்லல."

ஐரின் டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினாள். நீண்ட ஒற்றை ஊளை. டிவியின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமும் உருண்டன. பிறகு ஊளை உடைந்து நொறுங்கியது. மஞ்சளும் நீலமும் கோடுகளாய் ஓடின. அவள் மடியில் ஒரு சாட்டின் ஃபிராக்கை எடுத்து வைத்து விளிம்பு தைக்கத் தொடங்கினாள். ஒரு லோடிங்குக்கு முக்கால் விளிம்பு என்பது அவள் கணக்கு. அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாள் வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"ஸ்வல்ப நில்லுங்க, லோட் ஆகுது" என்றாள் ஐரின், கன்னடம் கலந்து, தலை நிமிராமல்.

மூன்றாவது நிமிடத்தில் ஊசி நின்றது. ஜெயலட்சுமிக்கு ஒலியில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

"தொண்டை கட்டுது" என்றாள் ஐரின். சுண்டுவிரலைக் கேசட் மூடியின் இடது மூலையில் வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் ஒலி பிசிறியது. பிசிறிய வேகத்திலேயே சரியாயிற்று. நடக்கப்போவதை அவள் முன்னாலேயே கேட்டிருந்தாள். ஜெயலட்சுமி ஸ்டூலை டேப் ரெக்கார்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் முழுவதும் சேர்ந்தாலும் காலையில் போனில் வரும் ஒரு வணக்கப் படத்தின் அளவுகூட இல்லை. அதற்குள் ஒரு ஏரி இருந்தது. படகுகள் இருந்தன. ஒரு தம்பி தன் அக்காவுக்கு வைத்த ஏதோ ஒன்று இருந்தது.

ஏறியது.

ஐரின் ஊசியை ஃபிராக்கில் குத்தி வைத்துவிட்டு விரல்களைச் சொடுக்கெடுத்தாள். ஏரியைக் கடந்தாள். ஏழாவது அறையில் இரண்டு முறை செத்தாள். மிச்சம் ஒரே உயிர். எட்டாவதில் ஆறு பஸ்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பஸ்ஸும் போகட்டும் என்று நின்றாள். நிற்பது அவளுக்கு வரும். ஆறாவது பஸ் போனதும் ஃபிராக் போட்ட பெண் கதவுக்குள் நுழைந்தாள்.

திரை கறுத்தது. மேலிருந்து, கோடு கோடாக, மிக மெதுவாக ஒரு படம் வரத் தொடங்கியது. முதல் கோடு மஞ்சள்.

ஐரின் சட்டென்று எழுந்து சாட்டின் ஃபிராக்கை டிவியின் மேல் போட்டு மூடினாள்.

"ஆன்ட்டி, பாக்கலையா?"

"அவனுக்கும் தெரியாதுல்ல."

போனைக் கேமரா திரையைப் பார்க்கும்படி டேப் ரெக்கார்டர் மேல் சாய்த்து வைத்து, பெர்த்துக்கு வீடியோ கால் போட்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. சாட்டினுக்குப் பின்னால் வெளிச்சம் நிறம் மாறியது. அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஃபிராக்கின் விளிம்பை இரண்டு கையாலும் திரையோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.