அவர்கள் குடிக்காத கலர்

திண்டிவனத்திலிருந்து வந்த கணவர் பையிலிருந்து எடுத்து வைத்த பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கண்ணைப் பறிக்கும் அதே சிவப்புக் கலர் சோடா. எப்போதோ நின்றுபோனது, மறுபடி வந்திருக்கிறதாம்.

"பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் குடுக்கலாம்னு வாங்கியாந்தேன்" என்றார். சாயங்காலம் எங்கள் பெரியவளைப் பார்க்க வருகிறார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது, கூட்டேரிப்பட்டில் எங்கள் வீட்டில், என் அக்காவைப் பார்க்க வந்தவர்களுக்கும் அம்மா இந்தக் கலரைத்தான் வாங்கி வைப்பாள். சம்மதம் இல்லையென்றால் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர்கள் தொடாமல் வைத்துவிட்டுப் போகும் பாட்டில் எனக்குத்தான் என்பது மட்டும் தெரியும். கதவோரம் நின்றுகொண்டு, அவர்கள் குடிக்கவே கூடாது என்று மயிலம் முருகனை வேண்டிக்கொள்வேன். மூன்று முறை வேண்டினேன், மூன்று முறையும் பலித்தது. "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோங்க" என்று அவர்கள் எழுந்து போனதும், மூக்கில் காஸ் ஏற ஏறக் குடிப்பேன். மூன்றாவது முறை, புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்த அக்கா என் சிவந்த நாக்கையே பார்த்தாள்.

"நல்லா இருக்காடி?" என்று கேட்டாள்.

இப்போது என் சின்ன மகள் பாட்டிலைத் தடவிக்கொண்டே, "அவங்க குடிக்கலன்னா எனக்குத் தர்றியாம்மா?" என்றாள்.

நான் மூடியைத் திருகி டம்ளரில் ஊற்ற ஆரம்பித்தேன்.

"வர்றவங்களுக்கு வாங்கியாந்தத இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்று கணவர் கத்தினார்.

"நீ குடிடி" என்றேன் அவளிடம். "முழுசும் இப்பவே குடி. மிச்சம் வெக்காத."