நல்லசிவம் அண்ணை நாக்கடிக்காத நாள்

ரொம்மன் குடியிருப்பில் எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருக்கும் நல்லசிவம் அண்ணைக்கு இரண்டு கண்ணும் தெரியாது. நோர்வேக்கு வந்தபின் நோயில் போனவை. அதற்காக மனுசன் முடங்கிக் கிடந்தாரா? இல்லை. நாக்கை மேலண்ணத்தில் 'டக்' என்று அடிப்பார். அந்தச் சத்தம் சுவரிலும் தூணிலும் பட்டுத் திரும்புவதைக் கேட்டே தனியாகக் கடைக்குப் போய் வருவார். புதுப்பனி கொட்டினால் மட்டும் போகமாட்டார். பனி சத்தத்தை விழுங்கிவிடுமாம்.

மகள் டிலக்சி பல்கலைக்கழகத்தில் வௌவால் மூளையை ஆராய்கிறவள். ஒருநாள் நானும் இருக்கும்போது தகப்பனுக்கு விளக்கினாள்.

"சத்தத்தாலை இரை பிடிக்கிற வௌவாலுக்கு மூளையிலை கேக்கிற பகுதி பெரிசு, அப்பா. பழந்தின்னி வௌவாலுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் உரிய பகுதி பெரிசு. புலனும் மூளையும் ஒண்டையொண்டு இழுத்துக்கொண்டுதான் வளந்தது. அதுக்குக் கோடிக்கணக்கான வருசம் எடுத்தது. நீங்கள் ஒரு ஆயுளுக்கை பழகியிட்டியள்."

"அப்ப நானும் அந்தச் சாதிதான்" என்று அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு டிலக்சிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வீடு பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில். எங்கள் சனத்தைத் தெரியாதா? நல்ல காரியத்தில் யாராவது உச்சுக் கொட்டினால் அபசகுனம் என்று முகம் சுளிக்கிற கூட்டம். பெண்ணின் தகப்பனே மணவறைக்குப் பக்கத்தில் நாக்கடித்தால் சும்மா விடுவார்களா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கலியாணத்தன்று காலை அண்ணையின் மனைவி இந்திரா அக்கா அவரிடம் கெஞ்சினார்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு ஒருநாள் மட்டும் அடிக்காதேங்கோ. பிள்ளையின்ரை வாழ்க்கை."

"ஓம் இந்திரா. அடிக்கமாட்டன்."

பட்டுவேட்டிக்குப் பொருந்தாது என்று, வெளியே போகும்போது அவர் பிடிக்கும் வெள்ளைத் தடியையும் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். தாலி கட்டியதும் எல்லாரும் அட்சதை போட மணவறைக்கு நெருங்கினார்கள். யாரையும் கரைச்சல்படுத்தாமல் அண்ணை கைகழுவத் தனியே எழும்பிப் போனார். சொன்ன சொல் தவறாதவர், ஒரு தடவைகூட நாக்கடிக்கவில்லை. கைகழுவும் இடமென்று அவர் திறந்த கதவுக்கு அப்பால் கீழே இறங்கும் படிகள் இருந்தன.

தலையில் அடி. உயிர் தப்பியது, வலது காது முற்றாகப் போய்விட்டது. இரண்டு காதும் கேட்டால்தான் சத்தம் வரும் திசையை மூளை பிடிக்கும். டிலக்சிக்கு அதை டொக்டர் விளக்கத் தேவைப்படவில்லை. கலியாணச் சேலையோடு ஆஸ்பத்திரி நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். சகுனம் பார்த்தவர்களில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

போன கிழமை நான் போனபோது அண்ணை அறை நடுவில் நின்றார். இந்திரா அக்கா சுவரோடு சாய்ந்தபடி மன்றாடிக்கொண்டிருந்தார்.

"ஒருக்கா அடியுங்கோவன். எனக்காக."

அவர் ஆளில்லாத யன்னல் பக்கம் திரும்பினார்.

"அடிச்சுப் பாத்தனான், இந்திரா. நீ எந்தப் பக்கம் நிக்கிறாய் எண்டே தெரியேல்லை."