எரிந்த ஓட்டலின் தொலைபேசி எண்

என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு அம்மா ஓட்டலுக்கு வரும் அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டல் அப்போது இல்லை. அது இருந்த ஊரும் இல்லை. காட்டுத்தீ இரண்டையும் ஒரே மாலையில் கொண்டுபோயிருந்தது.

இது எப்படி என்று கேட்பார்கள். நான் தொலைபேசித் துறையில் பொறியாளர். கூட்டம் வராத மாதங்களில் ஓட்டலைப் பூட்டிவிடுவார்கள். அப்போது வரும் அழைப்புகள் அம்மாவின் கைபேசிக்குப் போகும்படி நான்தான் ஏற்பாடு செய்துகொடுத்திருந்தேன். ஓட்டல் மேசையிலிருந்து ஒரு எண்ணை அழுத்தினால் போதும். அழைப்பைத் திருப்பிவிடும் வேலை நடப்பது மலைக்குக் கீழே வேறொரு ஊரின் இணைப்பகத்தில். தீ அந்த ஊர்வரை போகவில்லை. ஊரைக் காலி செய்யச் சொன்ன அன்று, வெளியே போலீஸ் வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருக்க, அம்மா ஒவ்வோர் அறைக்கும் போன் செய்து எல்லோரையும் கிளப்பினார். கடைசியில், சீசன் முடிவில் செய்வதுபோலவே அந்த எண்ணை அழுத்திவிட்டு வேனில் ஏறினார். மேசையும் கருவியும் சாம்பலாயின. எண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அது பழைய ஊர். ஏரியை நோக்கி இறங்கும் ஒரே ஒரு பெரிய தெரு. இரண்டு பக்கமும் மர வீடுகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், நிலைக்கு மேல் கட்டிய ஆண்டைச் செதுக்கியிருப்பார்கள். எல்லாம் நூறு வருடம் தாண்டியவை. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் நகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். ஜன்னலுக்கு வேறு நிறம் அடித்தால் அபராதம். கோடை விடுமுறைக்குக் குழந்தைகளாக வந்தவர்கள், பிறகு தங்கள் குழந்தைகளோடு வந்தார்கள். ஓட்டலின் துணி துவைக்கும் கூடத்துக்குப் பின்னால், வேலைக்காரர் குடியிருப்பில் நான் வளர்ந்தேன். சோப்பு வாசனையும் சூடான இஸ்திரி வாசனையும்தான் எனக்கு வீடு.

அப்பா ஓட்டல் வேன் ஓட்டினார். நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா படுக்கை விரிப்பு மடிக்கும் வேலையில் சேர்ந்தார். ஒரு நாள் மதியம் வரவேற்பில் ஆள் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா ஈரக்கையோடு ஓடிப்போய் எடுத்து, "சொல்லுங்க, என்ன வேணும்?" என்றார். மறுமுனையில் இருந்தவர் ஒரு வாரத்துக்கு அறை எடுத்ததோடு, "இந்தக் குரலையே இனிமேல் போனுக்கு வையுங்கள்" என்று முதலாளியிடம் சொல்லியும் விட்டார். முதலாளி வைத்தார். அம்மா குள்ளம். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றால் நெற்றிதான் தெரியும். முதலாளி தச்சரைக் கூப்பிட்டு, ஏறி நிற்க ஒரு பலகை அடித்துக்கொடுத்தார். போனில் மட்டும் பேசிவிட்டு நேரில் பார்க்கிறவர்கள், "குரலைக் கேட்டு ஆறடி இருப்பீங்கன்னு நினைச்சேன்" என்பார்கள். "மீதி பலகைக்குக் கீழ இருக்குங்க" என்பார் அம்மா.

விருந்தினர்களை அறை எண்ணால்தான் அவருக்குத் தெரியும். "ஒன்பதாம் நம்பர் பையன் டாக்டர் ஆயிட்டானாம்." "நாலாம் நம்பரும் அவர் தம்பியும் பேசிக்கறதில்லையாம்." எங்கள் சாப்பாட்டு நேரம் முழுக்க இப்படி எண்களாகவே போகும்.

முதலாளி அவருக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். போனில் 'இல்லை' என்ற வார்த்தை வரக் கூடாது. அறை நிறைந்திருந்தால், "அந்தத் தேதியில கொஞ்சம் கஷ்டங்க, அடுத்த வாரம் பார்க்கலாமா?" என்று கேட்க வேண்டும். வழக்கமாக வருகிறவர்களுக்கு அதுவும் கூடாது. அவர்களுக்கு ஒரே பதில்தான்: "வச்சிருக்கேங்க." சொல்லிவிட்டு, யாரையாவது மாற்றியோ எதையாவது நகர்த்தியோ அறையை உண்டாக்கிவிடுவார்.

தீக்குப் பிறகு முதலில் வந்த அழைப்புகளெல்லாம் செய்தி பார்த்தவர்கள் செய்தவை. அழுதார்கள். அம்மா அவர்களைத் தேற்றினார். பிறகு, செய்தி பார்க்காதவர்கள் அழைக்க ஆரம்பித்தார்கள். போன் அடித்ததும் அம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். காதில் வைத்தால் சூடாகிறது என்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். "அந்தத் தேதியில கொஞ்சம் கஷ்டங்க. நானே அப்புறம் கூப்பிடட்டுமா?"

"எரிஞ்சு போச்சுன்னு சொல்லிடேம்மா" என்றேன் ஒரு நாள்.

"போன்ல எப்படிடி சொல்றது?"

"வாயால."

"உனக்கென்ன. லைன் ஃபால்ட்டுன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போயிடுவே."

என் கணவர் சாப்பிட வந்து உட்கார்ந்தார். "அத்தே, நம்ம வீட்ல இன்னைக்கு ரூம் ஏதாவது காலியா இருக்கா? வராந்தாவில படுத்து முதுகு போச்சு."

"கொஞ்சம் கஷ்டங்க மாப்பிள்ளை. அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார் அம்மா. வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தார்.

அழைப்பைத் திருப்புவதை நான் நிறுத்தியிருக்கலாம். இணைப்பகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. அலுவலகக் கணினியில் அந்த ஊரின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் சாம்பல் நிறம். தெரு வளைகிற விதத்தை வைத்துத்தான் எங்கள் குடியிருப்பு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். படத்தை மூடிவிட்டுக் கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த வாரத்தில்தான் பதினோராம் நம்பர் ஐயா அழைத்தார்.

கல்யாணமான கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து பதினோராம் அறையில் தங்கியவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் அதே அறை. குரலில் வயது தெரிந்தது.

"நான் நல்லா இருக்கேம்மா. அவளுக்குத்தான் ஞாபகம் போயிட்டே இருக்கு. பெத்த பையனையே யாருன்னு கேக்கறா. உங்க ஊரை மட்டும் விடல. எப்பக் கிளம்பறோம், எப்பக் கிளம்பறோம்னு காலையிலேர்ந்து ஒரே நச்சரிப்பு. இவ பின்னால ஓடறதுல எனக்குப் பேப்பர் பார்க்கக்கூட நேரமில்லை. டாக்டரே கூட்டிட்டுப் போங்கன்னுட்டார். வியாழக்கிழமை ரயில் ஏறறோம். நம்ம பதினொண்ணு இருக்கில்ல?"

"வச்சிருக்கேங்கய்யா" என்றார் அம்மா.

"தெரியும் எனக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

நான் காய் நறுக்குவதை நிறுத்தினேன். "என்னம்மா சொன்னே?"

"என்ன சொன்னேன்?"

"வச்சிருக்கேன்னு சொன்னே."

அம்மா கையிலிருந்த போனையே பார்த்தார். "வாய் அதுவா சொல்லிடுச்சுடி."

"போனைக் குடு. நான் பேசறேன்."

"வேண்டாம். நான்தானே சொன்னேன். நானே சொல்றேன்."

சொல்லவில்லை. எண்ணை அழுத்துவார், மணி அடிக்கும் முன் துண்டிப்பார். தட்டில் போட்ட சோறு காய்ந்தது. ஞாபகம் இழந்த ஒரு பெண்ணை, ஒரு ராத்திரிப் பயணம் முழுக்க ரயிலில் உட்கார வைத்துக் கூட்டி வந்து, கரிக்கட்டைகளுக்கு நடுவே அந்தப் பெரியவர் இறங்கப் போகிறார், அம்மாவின் வார்த்தையை நம்பி. அந்த நினைப்பு அம்மாவை உட்காரவிடவில்லை. துடைத்த மேடையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மதியம் நான் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். நானே பேசிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். உள்ளே நுழைந்தபோது அம்மா போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, நான் ஓட்டல்லேர்ந்து..." நிறுத்தினார். "ஓட்டல்லேர்ந்து பேசலைங்கய்யா."

"என்னம்மா? பெட்டிகூடக் கட்டியாச்சு."

"வராதீங்க. ஓட்டல் எரிஞ்சு போச்சு. ஊரே எரிஞ்சு போச்சுங்கய்யா, காட்டுத்தீயில. அன்னைக்கு வச்சிருக்கேன்னு சொன்னது பொய். என்கிட்ட ஒண்ணுமே இல்லை."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையை எட்டிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"ஜனங்க?" என்று கேட்டார் அவர், கடைசியாக.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்க."

"நீ? நீ இப்ப எங்கம்மா இருக்கே?"

அம்மாவின் வாய் திறந்தது. வெந்நீர் வருமா, குழந்தைக்குப் பால் கிடைக்குமா, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே பழகிய வாய். போனை என் பக்கம் தள்ளிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது, அப்பா போனதற்குப் பிறகு அன்றுதான்.

"ஐயா, நான் அவங்க பொண்ணு. என் வீட்லதான் இருக்காங்க."

"சாப்பிடறாளா?"

"சரியா இல்லீங்க."

"பக்கத்துல உக்காந்து ஊட்டி விடும்மா. கோவிச்சுக்கிட்டாலும் விடாதே. நான் இங்க அப்படித்தான் செய்யறேன்."

அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "யாரு போன்ல? ரிசப்ஷன் பொண்ணா? குடுங்க இப்படி."

"இரு, இரு, அவ அழுதுட்டிருக்கா..."

"குடுங்கன்னா!" போன் கை மாறும் சத்தம். "ஏம்மா, போன தடவை ஒரே ஒரு கம்பளிதான் வச்சிருந்தீங்க. எனக்குக் குளிர் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அம்மா முகத்திலிருந்து கையை எடுத்தார். மூக்கைத் துடைத்தார். நிமிர்ந்தார். "தெரியும்மா. ரெண்டா வைக்கச் சொல்றேன்."

"அந்த ஜன்னல் திறக்கவே மாட்டேங்குதே."

"மழையில மரம் ஊதிக்குதும்மா. கீழ் மூலையில கையால ஒரு தட்டுத் தட்டுங்க, திறக்கும்."

"திறந்தா ஏரி தெரியும்."

"ஏரி தெரியாதும்மா. பதினொண்ணுலேர்ந்து பேக்கரிக் கூரைதான் தெரியும். ஏரி பன்னெண்டுக்குத்தான்."

"போடி. ஏரியைப் பார்த்தவ நான். கழுத்தை வெளிய நீட்டினா ஓரமாத் தெரியும்."

அம்மா கண்ணை மூடினார். அந்த ஜன்னலில் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. "ஆமாம்மா. தெரியுது, துளியூண்டு. விழுந்துடாதீங்க."

பெரியவர் சிரித்தாரா அழுதாரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தொலைபேசித் துறையில் இத்தனை வருடம் இருந்தும்.

"கீழே போலாமா?" என்றது அந்தக் குரல். "ரொட்டி வாசனை வருது."

"வாங்கம்மா. படியில மெதுவா. கைப்பிடியைப் புடிச்சுக்குங்க."

அம்மா அவரைத் தெருவில் இறக்கினார். பேக்கரியைக் கடந்தார்கள். தொப்பிக் கடைக்காரரின் நாய் குரைத்தது. சுழல் படிக்கட்டு வைத்த தபால் நிலையம் வரப்போகிறது என்று எனக்கும் தெரியும். என் கணினியில் சாம்பலாகக் கிடந்த தெருவில் அவர்கள் இரண்டு பேரும் நிழலில் நடந்துகொண்டிருந்தார்கள். நான் கதவருகே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, பின்னாலேயே போனேன்.

போன் இரண்டு முறை ஒலித்தது. பேட்டரி தீரப்போகிறது. அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "லைன்லயே இருங்கம்மா. வச்சிடாதீங்க."

சார்ஜரை எடுத்துவந்து செருகினேன். வயர் குட்டை. அம்மா நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லுங்கம்மா. தபாலாபீஸ் தாண்டிட்டோமா?"