மாலை மாற்றிய கல்யாணம்

அப்பா செத்து வருஷம் திரும்புவதற்குள் சித்தப்பா எங்கள் மேல் தாவா போட்டார். கோர்ட்டு ஆள் கொடுத்துவிட்டுப் போன பிராது நகலை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். பள்ளி இறுதி வகுப்பு. வாசிப்பில் எனக்குத் தடுமாற்றம் கிடையாது. அன்று தடுமாறினேன். மேற்படி ஸ்திரீ தன் அண்ணனுக்குச் சட்டப்படி மனைவி அல்ல என்று சித்தப்பா எழுதியிருந்தார். அடுத்த வரி என்னையும் தம்பியையும் பற்றியது. அதை விழுங்கிவிட்டு மேலே போனேன்.

"இன்னாடி முழுங்கற? படி."

படித்தேன். அம்மா எழுந்துபோய் உலையில் அரிசியைப் போட்டாள். வேறென்ன செய்வாள். வீடு, ஏரிக்குக் கீழே இருந்த நிலம், அப்பாவின் பெயர், மூன்றும் போகும் என்று அந்தத் தாள் சொல்லிவிட்டது. சோறு மட்டும் வேகாமல் இருக்குமா?

அப்பா கருப்புச் சட்டைக்காரர். ஒரகடத்துப் பக்கம் எங்கள் ஊரில் முதன்முதலாக ஐயர் இல்லாமல், ஓமம் இல்லாமல், தாலிகூட இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். தலைமை தாங்கியவர் அவருடைய கூட்டாளி, ஒரு தையற்காரர். மாலைகளை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்தவர், பூ வாடக் கூடாதென்று ஈரத்துண்டு சுற்றி, வெயிலில் மிதித்து வந்தவர், சித்தப்பா. அவ்வளவு சந்தோஷமாக நடந்த ஒன்றில் சட்டத்துக்கு ஒரு பங்கு உண்டென்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த நாளில் சட்டம் சடங்கைக் கேட்டது. மாலை மாற்றியதை அது கல்யாணம் என்று எண்ணவில்லை.

செங்கல்பட்டில் ஒரு வக்கீல் பிடித்தோம். சிங்கப்பெருமாள் கோவில் வரை நடந்து, அங்கிருந்து ரயில். வாய்தாவுக்கு வாய்தா அதே வண்டி, அதே ஜன்னல். இறங்கும்போது அம்மா முந்தானையை இறுக்கிக்கொள்வாள், யாரோ பறிக்க வருவதுபோல.

வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. "ஐயர் வந்தார், அக்னி வளர்த்தார், சுத்தி வந்தோம். இவ்வளவுதான் சொல்லணும். அந்த ஐயர் செத்துப் போயிட்டார்னு சொல்லிடுங்க. சாட்சிக்கு ஆள் நான் பார்த்துக்கறேன்."

குமாஸ்தா ஒரு படி மேலே போனார். வராந்தாவின் நடுவில் அரிக்கேன் விளக்கை வைத்து, அதுதான் அக்னி என்றார். தையற்காரரை மாப்பிள்ளை இடத்தில் நிற்கச் சொன்னார். கருப்புச் சட்டையோடு அவர் நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டியது. பயமும்.

"இப்போ எதிர் வக்கீல் கேக்கறாரு. எத்தனை சுத்தும்மா? மூணா, ஏழா?"

"நடக்காத சுத்த நான் எப்பிடிங்க எண்ணுவேன்?"

"எண்ண வேணாம்மா. சொல்லு, போதும்."

அம்மா விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். தையற்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, பசங்க நடுத்தெருவுல நிக்கணுமா? ஒரு ஐயரு வந்தாருன்னு சொல்லிட்டுப் போயேன்."

"நீங்களாண்ணே சொல்றீங்க? ஒரு மேளமாவது வெக்கலாம்னு எங்கப்பா கெஞ்சினப்போ இன்னா பேச்சு பேசினீங்க! அன்னிக்கு மேளமே ஆகாது. இன்னிக்கு ஐயரே வந்துட்டாரா?"

அவர் விளக்கை விட்டுத் தள்ளிப் போய் நின்றார். வக்கீல், "அம்மா, நிஜத்தைச் சொன்னா தோத்துடுவீங்க," என்றார். அம்மா தன் முடிவை வழக்கு நாள் வரைக்கும் எனக்குக்கூடச் சொல்லவில்லை. கூண்டில் ஏறி அவள் எதைச் சொல்வாள் என்பது தெரியாமலேயே நான் சாப்பிட்டேன், பள்ளிக்குப் போனேன், கிணற்றடியில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவதைக் கேட்டேன். பேச்சு நிற்பதற்கும் ஒரு சத்தம் உண்டு. பொய் சொல்லட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். சாமி இல்லை என்று சொல்லி வளர்த்த அப்பாவின் மகள், எந்தச் சாமியிடம் என்று கேட்காமல் வேண்டிக்கொண்டேன்.

முதலில் சித்தப்பா கூண்டில் ஏறினார். அப்பாவின் அதே நெற்றி, அதே நிற்கும் விதம். அதுதான் என்னை அதிகம் கலக்கியது.

"அன்னிக்கு நீங்க இருந்தீங்களா?" என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"இருந்தேன். மாலை வாங்கியாந்ததே நான்தான். சனங்க கூடினாங்க, ஒருத்தர் பேசினாரு. அண்ணன் அண்ணி கழுத்துல மாலை போட்டாரு, அண்ணி..."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சித்தப்பாவின் முகம் சிவந்தது. "அந்தப் பொம்பள கழுத்துல," என்று திருத்தினார். "ஐயரு இல்ல, அக்னி இல்ல, தாலி இல்ல. மாலையத்தான் மாத்திகினாங்க. அது கல்யாணமாங்க?"

பிறகு டவாலி அம்மாவின் பெயரை மூன்று முறை கூவினான். பக்கத்திலேயே நிற்கிறவளை ஏன் அப்படிக் கூவ வேண்டும்! எங்கள் வக்கீல் கேட்டார்: "உங்க கல்யாணத்துல புரோகிதர் இருந்தாரா?"

அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். கோபமாக அல்ல, சோறு போட்டுவிட்டு இன்னும் வேண்டுமா என்று பார்ப்பாளே, அப்படி.

"இல்லைங்க. என் கொழுந்தன் சொன்னது அத்தனையும் நெசம். மாலை மாத்திகினோம். கல்யாணம் இல்லன்னு அவரு சொல்றாரு, அது மட்டும்தான் பொய்."

வக்கீல் காகிதக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளில் உயிரில்லை.

தோற்றோம். முன்சீப் வருத்தத்தோடுதான் தீர்ப்பைப் படித்தார். வருத்தம் வீட்டைத் தருமா? ரயிலில் நான் அம்மாவை விட்டு வேறு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கியபோது, "உனக்கு உன் வாய்தான் பெருசு, நாங்க இல்ல," என்றேன். "ஆமாம்," என்றாள். அவ்வளவுதான்.

தையற்காரர்தான் விடாமல் அப்பீல் போடவைத்தார். வீட்டை விட்டுப் போகச் சொல்லக் கூடாதென்று தடை வாங்கினோம். அந்தத் தடையின் மேல் குடியிருந்தோம். காலி செய்யக் கட்டிவைத்த சாமான்களை முழுசாக அவிழ்க்காமலே பொங்கல் வந்தது, போனது. சித்தப்பா தெருவில் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கினார். நாங்களும் ஒதுங்கினோம். நடுத்தெரு காலியாக இருந்தது.

அப்பீல் விசாரணைக்கு வருமுன் ஆட்சி மாறியது, சட்டமும் மாறியது. உற்றார் உறவினர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும், முன்னே அப்படி நடந்தவையும் செல்லும் என்றது புதுச் சட்டம். வக்கீல் ஆள் அனுப்பி எங்களை வரச் சொன்னார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கூச்சம்.

"அன்னிக்கு ஐயர் வந்தார்னு சொல்லியிருந்தா, இன்னிக்கு மாலை மாத்தினோம்னு மாத்திப் பேச முடியாதும்மா. நீங்க சொன்னதும் வாதி சொன்னதும் ஒண்ணா இருக்கு. உறவுக்காரர் யார் இருந்தாங்கன்னு கேட்டா, அவரே இருந்திருக்கார்."

அப்பீல் கோர்ட்டில் அந்த வாக்குமூலங்களை வாசித்தார்கள். சித்தப்பா சொன்ன 'அண்ணி' என்ற சொல்லும் அதில் இருந்தது, திருத்தியதும் இருந்தது. ஜெயித்தோம். வெளியே சித்தப்பா தூணோரமாக நின்றார். அம்மா அவரைத் தாண்டிப் போனாள், நின்றாள், திரும்பாமலே, "வண்டிக்கு நேரமாச்சு, வரதுன்னா வா," என்றாள். அவர் வரவில்லை. அடுத்த வண்டியில் வந்திருப்பார்.

ரயிலில் அம்மா முந்தானையைத் தளர்த்தி விசிறிக்கொண்டாள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்றுகூட நினைத்தேன்.

"இருந்தாலும்," என்றாள், "ஒரு மேளம் வெச்சிருக்கலாம் உங்கப்பா."