கீழ்வீட்டுக்குக் கேட்ட யுத்தப் படம்

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், மாண்ட்ரியலில் லாசால் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தில் நடந்தது இது.

எனக்கு ஒரு பழைய ஹாலிவுட் கதாநாயகன் மீது தீராத பைத்தியம். அவருடைய காதல் படங்களை விடுங்கள். யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு நடித்த யுத்தப் படங்கள்தான் எனக்கு உயிர். அவற்றுக்குத் தரவரிசைகூட வைத்திருந்தேன். முதலிடம், அவர் குண்டுவீச்சு விமானம் ஓட்டுகிற படத்துக்கு. மனைவி வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டபோதும் கேட்காமல் பெரிய ஸ்பீக்கர்கள் வாங்கினேன். சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஏதாவது ஒரு படம் ஓடும்.

கீழ்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி, கைக்குழந்தையோடு. கணவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் வேலை. சனிக்கிழமை மதியமானால் மூவரும் கிளம்பிவிடுவார்கள். "என்ன தம்பி, சனிக்கிழமைன்னா வீடு தங்க மாட்டீங்களா?" என்று படிக்கட்டில் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அன்று மைனஸ் இருபத்தைந்து. டீக்குப் பால் இல்லை என்று, படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தெருமுனைக் கடைக்கு ஓடினேன். உள்ளே ஹீட்டர் பக்கத்தில் அந்த மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் ஒரு சாமானும் இல்லை. குழந்தை மூக்கு சிவந்து அழுதுகொண்டிருந்தது. கடைக்காரர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் முடிஞ்சுதோ, அண்ணை?" என்றார் கணவர்.

"நான் படம் பார்க்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கீழ கேக்கும்தானே."

அவர் அதோடு விட்டிருப்பார். அவர் மனைவிதான் குழந்தையைத் தோள் மாற்றியபடி சொன்னார்: "கதைக்கிறது ஒண்டும் கேக்காது அண்ணை. பிளேன் வாறதும் குண்டு விழுறதும்தான் கேக்கும். ஊரில அந்தச் சத்தத்துக்குப் பங்கர் குழிக்குள்ள ஓடின ஆள் நான். எனக்கு வீட்டுக்க இருக்கேலாமப் போகுது."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"கிழமைக்கு ஒரு நாள்தானே ஆசையாப் பாக்கிறியள்," என்றார் கணவர், தப்பு அவர்கள் மேல் என்பதுபோல.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "படம் முடிஞ்சிடுச்சு, வாங்க" என்று பொய் சொல்லி, பால்கூட வாங்காமல் அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தேன்.

ஸ்பீக்கர்களை அன்றே கழற்றிவிட்டேன். அந்த நடிகரை விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இன்றும் பார்க்கிறேன். ஆனால் அவர் குண்டைப் போட்ட மறு நொடியே காமிரா அவர் முகத்துக்குத் திரும்பிவிடுகிறது என்பதையும், கீழே இருக்கிற வீடுகளை ஒரு தடவைகூடக் காட்டுவதில்லை என்பதையும், இருபது முறை பார்த்த படத்தில் இப்போதுதான் கவனிக்கிறேன்.