வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்

பல் பிடுங்கவும் மயக்க மருந்தாம், போர்வையாம், மெல்லிய பாட்டாம். பணக்காரர்களின் பம்மாத்து என்று சிரித்துக்கொண்டுதான், சொத்தைப் பல்லோடு மூன்று மாதம் பயந்து கிடந்த அக்காவை மடுல்கெல்லையிலிருந்து கண்டியிலுள்ள தனியார் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். படித்தவள் என்ற மிதப்பில் அதையும் மதிக்காமல் பஸ் ஸ்டாண்டில் ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றார் டொக்டர், கதிரையில் சாய்ந்து உட்கார்ந்த அக்காவிடம்.

"தங்கச்சி ரொட்டி வாங்கிக் குடுத்தா."

"அப்ப மயக்கம் குடுக்க ஏலாது. வாந்தி வந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். வேற நாள் வாங்க."

அக்கா என்னைத் திட்டவில்லை. வெளியே வந்ததும், "இன்னொரு தடவை இவ்வளவு தைரியம் வராதுடி" என்றாள்.

என் படிப்பை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. பயந்தவள் அந்தக் கதிரை வரை வந்திருந்தாள். பயமே தெரியாத நான்தான் அவளைத் திருப்பிக் கூட்டிப்போனேன்.