பாத்திரத்தில் மீந்தது

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்தத் தெருவில் தபீதாளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்கு முன்பு, கோயிலின் பக்கத்துக் கொட்டகையில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதக் கதைகள் சொல்லித் தருவாள், அவ்வளவுதான். ஆனால் அவள் கதை சொன்னால் வாலுப் பிள்ளைகள்கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். குஷ்டரோகியை ஆண்டவர் கை நீட்டித் தொட்ட கதை வரும்போது, முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கன்னத்தை அவளும் தொட்டுக் காட்டுவாள். ஒரு வார்த்தை சொல்லியே சுகமாக்கியிருக்கலாமே, ஏன் தொட்டார் என்று கேட்பாள். யாரும் தொடாத ஆள் என்பதால் தொட்டார் என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்லும்.

கணவன் ஜெபசீலனுக்குத் தாம்பரத்தில் ரயில்வே வேலை. சபைக் கமிட்டியின் செயலாளரும் அவன்தான். ஒரே மகள் ஜெயசீலி பி.எட். முடித்துவிட்டு ஒரு நர்சரி பள்ளிக்குப் போய்வந்தாள். செங்கல்பட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்த்துவிட்டுப் போய், பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தொண்ணூற்று நான்காம் வருஷ மழைக்காலத்தில் தபீதாளின் தம்பி எலியேசர் பம்பாயிலிருந்து வந்து சேர்ந்தான். இருபது வயசில் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன். அங்கே ஓட்டல்களில் சமையல் வேலை. கல்யாணம் இல்லை, கடிதம் இல்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றவனை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. சட்டைக்குள் ஆளே இல்லாததுபோல் இருந்தான். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, வாயெல்லாம் வெள்ளைப் புண்.

சானடோரியம் ஆஸ்பத்திரிக்கு அவனை அழைத்துப் போனார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு டாக்டரம்மா தபீதாளைத் தனியாகக் கூப்பிட்டு எய்ட்ஸ் என்றார். அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் வைத்தியம் பார்க்கலாம், நோயைத் தீர்க்க மருந்து இல்லை என்றார். கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலோ தொடுவதாலோ ஒட்டாது, ரத்தம் பட்டால் மட்டும் கவனமாக இருங்கள் என்று பொறுமையாக இரண்டு தடவை சொன்னார். தபீதாள் தலையாட்டினாள். காதில் விழுந்தது, மனசுக்குள் இறங்கவில்லை. வெளியே வந்தபோது எலியேசர் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தனக்குப் பம்பாயிலேயே தெரியும் என்றான்.

வீட்டில் ஜெபசீலன் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டான். யார் கேட்டாலும் அல்சர் என்று சொல்ல வேண்டும். ஓட்டல் சமையல்காரனுக்கு அல்சர் வருவது சகஜம்தானே. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற நேரம். தபீதாளும் சரி என்றாள். தம்பிக்குப் பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். தனித் தட்டு, தனி டம்ளர், தனி வாளி. அவன் துணிகளைக் குச்சியால் எடுத்து டெட்டால் தண்ணீரில் ஊறப் போட்டாள். சாப்பாட்டை வாசற்படி வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்புவாள். டாக்டரம்மா சொன்னது நினைவில் இருந்தது, ஆனாலும் கை கேட்கவில்லை.

எலியேசர் எதையும் குறை சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம் உடம்பு கொஞ்சம் தெம்பாக இருந்ததால், முற்றத்தில் உட்கார்ந்து அக்கா வைத்திருந்த பூண்டையெல்லாம் உரித்து வைத்தான். ஓட்டல்காரன் கை, ஒரு பல்கூட நசுங்கவில்லை. தபீதாள் நல்லா உரிச்சிருக்கே என்று சொல்லி உள்ளே எடுத்துப் போனாள். பின்பக்கக் கதவைத் திறந்து, முழுவதையும் வேலியோரம் கொட்டிவிட்டு வேறு பூண்டு உரித்தாள். நிமிர்ந்தபோது பின்னறை ஜன்னலில் அவன் நின்றிருந்தான். அவன் பார்த்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அன்று இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரமெல்லாம் அவளால் ஜெபம் பண்ண முடியவில்லை. முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு அந்தக் குஷ்டரோகி பாடம் வரிசைப்படி வந்தது. அதைத் தாண்டி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. பெண்கள் ஐக்கியத்தில் அவளோடு எப்போதும் ஒரே பாயில் உட்காருகிறவள் ரத்தினபாய். ஜெயசீலி பிறந்தபோது பத்தியச் சோறு பொங்கிப் போட்டவள். அவளிடம் போய் உண்மையைச் சொல்லி, எனக்காக ஜெபம் பண்ணு என்று அழுதாள். ரத்தினபாயும் சேர்ந்து அழுதாள். சேர்ந்து ஜெபமும் பண்ணினாள். அடுத்த ஞாயிறு அவளுடைய பேரப்பிள்ளைகள் இரண்டும் ஓய்வுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பாதிப் பிள்ளைகள் வரவில்லை. கொட்டகையில் மீந்திருந்த பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சுவரோரம் தள்ளி உட்கார்ந்தன. தபீதாள் யார் கன்னத்தையும் தொடவில்லை.

செங்கல்பட்டுக்காரர்கள் காரணம் எதுவும் சொல்லாமல், இந்த வருஷம் வேண்டாம் என்று இருக்கிறோம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் ஜெபசீலன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றான்.

"உன் தம்பிக்காக நீ அழு, வேணாங்கல. ஊர்ல போய்ச் சொல்லி அழணுமா? உன் மனசாட்சி சுத்தமாயிடுச்சு. என் பொண்ணு வாழ்க்கைதான் போச்சு."

ஜெயசீலி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பல மாதம், தாயும் மகளும் சோறு, துணி, கதவு, சாவி என்று தேவைக்கு மட்டுமே பேசினார்கள்.

ஆயர் சுவிசேஷமுத்து இளவயதுக்காரர். அந்தச் சபைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. கமிட்டி கூடிப் பேசிய விஷயத்தைச் சொல்ல அவரே வீட்டுக்கு வந்தார். திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கிற சபை அது. ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்றார். எலியேசர் கோயிலுக்கு வரட்டும், ஆராதனையில் இருக்கட்டும், பீடத்துக்கு மட்டும் வர வேண்டாம், அவருக்குத் திருவிருந்தை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தக் கூட்டத்தின் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டிருந்த ஜெபசீலன் அங்கேதான் நின்றிருந்தான்.

தபீதாளுக்கு ஆத்திரம் பொங்கியது. வேதத்தில் எந்த இடத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்க வாய் திறந்தாள். பின்கதவும் வேலியோரமும் ஞாபகத்துக்கு வந்து வாய் தானாக மூடிக்கொண்டது.

எலியேசர்தான் பேசினான். "இதுல இன்னா கீது ஐயா. இத்தினி வருஷம் கோயில் பக்கமே வராதவன் நான். வூடு தேடி வரேங்கிறீங்க. வாங்க."

சொன்னபடி ஒரு புதன்கிழமை காலையில் ஆயர் வந்தார். ஜெபசீலன் வேலைக்குப் போயிருந்தான், ஜெயசீலி பள்ளிக்கூடத்தில். பின்னறையில் ஒரு ஸ்டூலின் மேல் வெள்ளைத் துணி விரித்து, அப்பத்தையும் சின்ன வெள்ளிப் பாத்திரத்தையும் வைத்தார். எலியேசர் குளித்து, துவைத்த சட்டை போட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். பாவ அறிக்கை சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. பம்பாயில் நடந்தது என்னவென்று அவன் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. கண்களை மூடிக்கொண்டு, இரக்கமாயிரும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆயர் முதலில் தான் எடுத்துக்கொண்டார். பிறகு பாத்திரத்தோடு எலியேசர் பக்கம் திரும்பப் போனவர் ஒரு நொடி நின்றார். "டீச்சர், நீங்க முதல்ல வாங்கிக்கிறீங்களா" என்று மெதுவாகக் கேட்டார். அது தனக்காகத் திறந்துவிட்ட வழி என்று தபீதாளுக்குப் புரிந்தது. தம்பி கண்ணை மூடியிருந்தான். அவள் முன்னால் வந்து முழங்காலில் நின்று, குடித்தாள். அப்புறம்தான் அவனுக்குப் பாத்திரம் போனது. புண் வாயால் அவன் ஒரு மிடறு எடுத்தான். எரிந்திருக்க வேண்டும், முகம் சுளித்தது.

பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் மீந்திருந்தது. ஆசீர்வதித்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது, மீந்ததைக் கொடுத்தவரே குடித்து முடிக்க வேண்டும் என்பது அந்தச் சபையின் முறை. ஆயர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்திருப்பதைத் தபீதாள் பார்த்தாள். அவர் அவளையும் பார்க்கவில்லை, எலியேசரையும் பார்க்கவில்லை. எலியேசர் வாய் வைத்த அதே பாத்திரத்தைத் தூக்கி, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். துணியால் துடைத்துப் பைக்குள் வைத்தார். காப்பிகூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தபீதாள் வெகுநேரம் சமையலறையில் நின்றாள். அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அவளைவிடப் பயந்த மனுஷன் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவள்.

பின்னறைக்குப் போனாள். "சங்கரா மீன் வாங்கி வச்சிருக்கேன். குழம்பு நீ வைக்கிறியா?"

எலியேசர் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நெசமாத்தான் சொல்றியா?"

"வா."

அடுப்பு மேடைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார வைத்தாள். அவன் புளியைக் கரைத்தான், மிளகாய்த்தூளைக் கையால் அள்ளிப் பதம் பார்த்தான், பூண்டை உரித்தான். அரிவாள்மனைப் பக்கம் மட்டும் அவனை விடாமல் மீனை அவளே நறுக்கினாள். நடுவில் மூச்சு வாங்கி நிறுத்தினான், மறுபடி கரண்டியை எடுத்தான். வீடு முழுக்க வாசம் ஏறியது. அவன் முகத்தில், வந்ததிலிருந்து முதல் தடவையாக, வேலை செய்கிறவனின் முனைப்பு தெரிந்தது.

ராத்திரி ஜெபசீலன் சாப்பிட வந்து உட்கார்ந்ததும், குழம்பு தம்பி வைத்தது என்று தபீதாள் ஒளிக்காமல் சொன்னாள். அவன் வெறும் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். ஜெயசீலி பசியில்லை என்றாள். தபீதாள் வீட்டுத் தட்டு இரண்டை எடுத்துப் போட்டு, தம்பியோடு பின்னறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்து விழுங்கினாள். ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டு முடித்துக் குழாயடியில் போய் நெடுநேரம் வாயைக் கொப்பளித்தாள். மறுநாளும் அவனோடுதான் சாப்பிட்டாள். மறுநாளும் பயம் இருந்தது. பயம் போன பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் தம்பி போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தனித் தட்டை மேலே பரணில் போட்டாள். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அவன் துணிகளைக் கையாலேயே துவைத்தாள். முதுகில் புண் வந்தபோது, டாக்டரம்மா காட்டிக் கொடுத்தபடி மருந்து போட்டாள்.

எலியேசர் அடுத்த கோடை வரை இருந்தான். கடைசியில் எழுந்திருக்க முடியாமல் போனபோது, அக்கா ஊட்டிய கஞ்சியை இரண்டு வாய் வாங்குவான். ஒருநாள், அந்தப் பூண்டைக் கொட்டியதற்காக நீ வருத்தப்படாதே என்று அவனாகவே சொன்னான். அவள் மன்னிச்சுக்கோடா என்றாள். தான் அப்போதே மன்னித்துவிட்டதாகச் சொன்னான். ஈஸ்டர் கழிந்து ஒரு விடியற்காலையில் அடங்கிப்போனான்.

சபையில் சாவு விழுந்தால் உடலைக் கழுவி உடுத்த வழக்கமாக வருகிறவர் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். தபீதாள் முந்தானையைச் சொருகிக்கொண்டு தானே கழுவ ஆரம்பித்தாள். யாரோ வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தாள், ஜெபசீலன். சட்டையைக் கழற்றிவிட்டு மைத்துனனின் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குப் பயமா இருந்துச்சு தபீதா," என்றான்.

"எனக்கும்தாங்க."

அடக்கத்துக்கு அதிகம் பேர் வரவில்லை. ரத்தினபாய் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றாள். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் டீச்சர், அதனால்தான் என்று அழுதாள். தபீதாள் அவளைத் திட்டவில்லை. மறுபடி ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். ஆனால் பழைய பேச்சு திரும்பவில்லை.

ஓய்வுநாள் பள்ளி வேறு ஒரு பெண் கைக்குப் போயிற்று. போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. ஜெபசீலன் அந்த வருஷமே செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டான். சில வருஷம் கழித்து சுவிசேஷமுத்து ஆயருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வந்தவரிடம், அன்றைக்குப் பயமில்லாமல் எப்படிக் குடித்தீர்கள் ஐயா என்று தபீதாள் கேட்டாள்.

"பயமில்லாம எங்க டீச்சர். ஒட்டாதுன்னு படிச்சிருந்தேன். ஆனாலும் அதுக்கப்புறம் எத்தனையோ நாள் தூங்கல. யாருக்கும் தெரியாமப் போய் ரத்தம்கூட டெஸ்ட் பண்ணேன். தெரிஞ்சா சபை என்ன நினைக்கும்னு வெளியே சொல்லல."

அவரைக் குறைத்து நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை. பாரம் கொஞ்சம் இறங்கியதுபோல்தான் இருந்தது.

ஜெயசீலியின் மனசு மட்டும் லேசில் இளகவில்லை. மேற்கொண்டு இரண்டு சம்பந்தம் கூடிவந்து தட்டிப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ள விரும்பிக் கேட்டபோது, மாமாவுக்கு என்ன வியாதி என்பதை அவளே அவனிடம் சொல்லிவிட்டாள். அதைச் சமையலறையில் வந்து அம்மாவிடமும் சொன்னாள். ஏன் சொன்னே என்று தபீதாள் கேட்கவில்லை. என்ன சொன்னான் என்று மட்டும் கேட்டாள். ஒண்ணும் சொல்லலை, போயிட்டான் என்றாள் மகள். அவன் திரும்பி வரவில்லை. அன்று மகள் அழுதபோது தாயைப் பக்கத்தில் உட்கார விட்டாள்.

முப்பது வயசு நெருங்கும்போது ஜெயசீலிக்கு மதுராந்தகத்தில் ஒரு வாத்தியார் அமைந்தார். அவரிடமும் முதலிலேயே சொல்லியாயிற்று. கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள் என்று ஜெபசீலன் சொன்னான். அதை எண்ணிப் பார்க்க வேண்டாம் என்றாள் தபீதாள்.

சனிக்கிழமைகளில் அவள் சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். யாரும் வந்து பார்க்காத நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, கேட்டால் ஜெபம் பண்ணுவாள். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்றைக்கும் அந்தப் பழைய பயம் ஒரு தரம் வரும். கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போவாள்.